சவுண்டைக் கூட்டினால் ஸ்பீக்கர் ஏன் நின்றுபோகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. இது நாலு பேருக்குத் தெரிந்ததிலிருந்து வருகிற போன்களில் பாதி, "பாட்டு நல்லா ஓடிக்கிட்டே இருக்கு, சவுண்டை ஏத்தினா கட் ஆகுது" என்பதுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வருகிற பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

வால்யூம் கம்மியா வெச்சா நல்லாப் பாடுது. கூட்டினா நின்னுடுது. ஸ்பீக்கர் போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், எரிந்த ஸ்பீக்கர் கம்மி சத்தத்திலேயே கரகரக்கும், இல்லையென்றால் பேசவே பேசாது. மெதுவாக வைத்தால் சுத்தமாகப் பாடிவிட்டு, ஏற்றியதும் நிற்கிறது என்றால், ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிட்டது என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் எல்லோரும் 'புரொடெக்ஷன்ல போயிடுச்சு' என்கிறோம்.

ஆம்ப் அப்படி நிற்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள். தாங்கக்கூடியதைவிட அதிகக் கரண்ட் ஸ்பீக்கர் பக்கம் போவது ஒன்று. உள்ளே சூடு எல்லை மீறுவது இன்னொன்று. மூன்றாவதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டியது: ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் பாட்டுக்குப் பதிலாக நேர்மின்சாரம், அதாவது டிசி, வர ஆரம்பிப்பது. முதல் இரண்டையும் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

எப்போ நிக்குது, எப்படித் திரும்பி வருதுன்னு எல்லாரையும் கேக்கறீங்களே, அதுல என்ன தெரியும்?

பாதிக்கு மேல் தெரிந்துவிடும். ஏற்றிய அந்த நொடியே நின்றால் வயர் ஷார்ட்டையோ ஓம் கணக்கையோ (ஸ்பீக்கரின் மின்தடை, பின்னால் வருகிறது) சந்தேகப்படுவேன். டிரம் அடி விழும்போது மட்டும் நின்று நின்று வந்தால் பவர் சப்ளை போதவில்லை. இருபது நிமிடம், அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்றால் சூடு. ஆஃப் செய்து ஆன் செய்ததும் உடனே பாடினால் கரண்ட் பிரச்சினை. பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் பாடும் என்றால் மறுபடியும் சூடு. வால்யூமை அடியோடு குறைத்தும், எவ்வளவு நேரம் காத்திருந்தும் வரவில்லை என்றால் மூன்றாவது காரணமாக இருக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் நிற்கிறதா, இரண்டும் சேர்ந்து நிற்கிறதா என்பதையும் கவனித்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்த வயர், அந்த ஸ்பீக்கர், ஆம்புக்குள் அந்தப் பக்கத்தை ஓட்டும் பகுதியான அந்த சேனல் என்று தேடும் இடம் சுருங்கிவிடும்.

நிக்கும்போது உள்ளே 'டக்'னு ஒரு சத்தம் கேக்குது. ஏதாவது உடைஞ்சிருக்குமோ?

அது ரிலே. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் மின்காந்த ஸ்விட்ச். ஆன் செய்து சில நொடி கழித்து ஒரு 'டக்' கேட்குமே, அதே ஆள்தான். ஆபத்து என்று தெரிந்ததும் அது திறந்துகொண்டு ஸ்பீக்கரைக் கழற்றிவிடுகிறது. சின்ன ஆம்ப் போர்டுகளில் பெரும்பாலும் ரிலே இருக்காது. சிப்பே சத்தமில்லாமல் நின்றுவிடும். அதனால் 'டக்' கேட்கவில்லை என்பதை வைத்து புரொடெக்ஷன் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

சரி, முதல்ல எதைப் பாக்கணும்?

வயர் முனை. எத்தனை தடவை சொன்னாலும் இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள்.

ஒரு நண்பர் தன் ஆம்பை ரிப்பேருக்கு இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனார். அங்கே வேறு ஸ்பீக்கரில் மாட்டி மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லை" என்று இரண்டு முறையும் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். வீட்டில் அலமாரியை இழுத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு டெர்மினலில் முறுக்கிச் சொருகிய செம்பு வயரிலிருந்து ஒரே ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலைமுடி கனம்தான் இருக்கும். மெதுவாகப் பாடும்போது அது பாட்டுக்குச் சும்மா நின்றது. பேஸ் அடித்து அலமாரி அதிர்ந்ததும் ஆடிப்போய்க் கறுப்பு டெர்மினலைத் தொட்டது. உடனே 'டக்'.

எனவே மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நான்கு முனைகளையும் கழற்றுங்கள். ஆம்ப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், ஸ்பீக்கர் பக்கமும் பாருங்கள். கறுத்துப்போன செம்பை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக ஒரு சென்டிமீட்டர் உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்கி உள்ளே விடுங்கள். வெளியே ஒரு இழைகூடத் தெரியக் கூடாது. பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து இறுக்கிவிட்டால் லூஸ் காண்டாக்ட் ஆகும், அதையும் பாருங்கள். கட்டில் கால், கதவு இடுக்கு, நாற்காலிச் சக்கரம் இவற்றுக்கு அடியில் வயர் போகிறது என்றால் அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நசுங்கியிருந்தால் மொத்த வயரையும் மாற்றுவதுதான் நல்லது.

கோளாறு ஆம்புலயா ஸ்பீக்கர்லயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? என்கிட்ட ஒரு கருவியும் இல்லை.

கருவி வேண்டாம், இடம் மாற்றினால் போதும். ஆஃப் செய்துவிட்டு, ஆம்புக்குப் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் சொருகுங்கள். முன்பு இடதில் இருந்த கோளாறு இப்போது வலது ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் குற்றவாளி ஆம்ப் அல்லது அதற்கு முன்னால் இருப்பது. கோளாறு இடது ஸ்பீக்கரிலேயே இருந்தால் வயர் அல்லது ஸ்பீக்கர். அடுத்து வயரை அப்படியே விட்டுவிட்டு ஸ்பீக்கர்களை மட்டும் இடம் மாற்றுங்கள். வயரா ஸ்பீக்கரா என்பதும் தெரிந்துவிடும். ஆம்ப் பக்கம் என்று தெரிந்தால் பாட்டு வரும் இன்புட் வயர்களையும் இதே மாதிரி மாற்றிப் பாருங்கள்.

ஒன்றை மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டு, "இப்போ சரியாயிடுச்சு, ஆனா எதனாலன்னு தெரியலை" என்று சொல்பவர்கள்தான் ஒரு வாரம் கழித்து மறுபடி போன் செய்கிறார்கள்.

ஸ்பீக்கருக்குப் பின்னாடி 4 ஓம், 8 ஓம்னு போட்டிருக்கே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஓம் குறையக் குறைய, அதே வால்யூமில் ஆம்ப் தர வேண்டிய கரண்ட் கூடுகிறது. ஆம்ப் 20 வோல்ட் தள்ளுகிறது என்று வைப்போம். 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும், 50 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓம் என்றால் 10 ஆம்பியர், 200 வாட். கம்மி வால்யூமில் எல்லாமே சின்ன எண்கள், ஆம்ப் சமாளித்துவிடும். ஏற்றும்போதுதான் மாட்டிக்கொள்கிறது. ஆம்பின் பின்பக்கத்தில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்பீக்கர் அதற்குக் கீழே இருக்கக் கூடாது.

மல்டிமீட்டர் இருந்தால் வயரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு ஸ்பீக்கரை அளக்கலாம். 8 ஓம் என்று போட்டிருப்பது 6 அருகே காட்டும், 4 ஓம் என்பது 3 அல்லது 3.5. இது கோளாறு இல்லை. மீட்டர் அளப்பது காயிலின் டிசி தடை, அட்டையில் போட்டிருப்பது பாட்டு ஓடும்போதான கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கர் 2, 3 என்று காட்டினால்தான் காயிலில் சுற்றுகள் ஒட்டிப்போயிருக்கின்றன. மீட்டரைப் பிடித்தபடியே வூஃபர் (பேஸ் பாடும் பெரிய வட்டம்) நடுவில் இருக்கும் கூம்பை, அதாவது கோனை, விரல் நுனிகளால் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். எண் நிலையாக நிற்காமல் தாவினால், கோனுக்குப் போகும் பின்னல் வயர் உள்ளே அறுந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோன் பெரிதாக ஆடும்போது விலகும், அமைதியானால் தொட்டுக்கொள்ளும். சவுண்டைக் கூட்டினால் நிற்கும் என்ற புகாருக்கு இது அச்சு அசலான காரணம்.

ஆம்ப்ல ஏ, பி-ன்னு ரெண்டு ஜோடி போட இடம் இருக்கு. ரெண்டையும் ஓட்டினா நிக்குது, ஒண்ணை ஓட்டினா நிக்கல. ஏன்?

முந்தைய பதிலின் கணக்குதான். பல ஆம்ப்களில் ஏ, பி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் இணைகின்றன. இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓம், இரண்டு 4 ஓம் சேர்ந்து 2 ஓம். வீட்டு ஆம்ப் பெரும்பாலானவை 2 ஓமைத் தாங்காது. சிலவற்றில் உள்ளேயே இரண்டையும் தொடராக இணைத்திருப்பார்கள், அவற்றில் இந்தத் தொல்லை வராது, சத்தம்தான் குறையும். பின்னால் ஏ மட்டும், ஏ-யும் பி-யும் சேர்ந்து என்று தனித்தனி ஓம் போட்டிருப்பதைப் படியுங்கள். பிரிட்ஜ் முறையில் இரண்டு சேனலை ஒன்றாக்கி ஓட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அப்போது ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் பார்க்கிறது.

பாதி வால்யூம்தான் வெச்சிருக்கேன், அதுக்கே நிக்குதே?

குமிழ் பாதியில் நிற்பதால் ஆம்பும் பாதி சக்தியில் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. குமிழ் என்பது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு அனுமதிப்பது என்பதுதான். வரும் சிக்னல் பலமாக இருந்தால் பாதியிலேயே ஆம்ப் தன் உச்சத்தைத் தொட்டுவிடும்.

காது செய்யும் ஏமாற்றும் இதில் உண்டு. சத்தம் இரண்டு மடங்கு கூடியது போல நமக்குத் தோன்ற, சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு ஆம்ப் பத்து மடங்கு வாட் தர வேண்டும். இப்போது 5 வாட்டில் கேட்கிறீர்கள், 'இன்னும் ரெண்டு மடங்கு வேணும்' என்றால் 50 வாட். அதற்கும் மேல் இரண்டு மடங்கு என்றால் 500. குமிழில் சின்னதாய் ஒரு திருகு, அவ்வளவுதான். உள்ளே நடப்பது வேறு.

பேஸ் வரும்போது மட்டும் கட் ஆகுது. மத்தபடி எவ்வளவு ஏத்தினாலும் பாடுது.

சக்தியை விழுங்குவது பேஸ்தான். பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வாட் வேண்டும். முதலில் பேஸ், லவுட்னஸ் எல்லாவற்றையும் நடுவில் வைத்து அதே வால்யூமில் ஓட்டுங்கள். பாட்டு வரும் போனிலும் ஈக்வலைசர் ஒளிந்திருக்கும், அதையும் அணையுங்கள். நிற்காமல் ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது.

சப்வூஃபர் வைத்திருக்கிறீர்கள் என்றால், ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது பேஸைப் பிரித்து அனுப்பும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 80-க்குக் கீழே உள்ள பாரம் தனி ஆம்ப் உள்ள சப்வூஃபருக்குப் போய்விடும். 'ஸ்மால்' என்று போடுவது பெரிய ஸ்பீக்கருக்கு அவமானம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெறும் மெனு வார்த்தை.

ஆன்லைன்ல சின்ன ஆம்ப் போர்டு வாங்கினேன். ரெண்டு பக்கமும் 50 வாட்டுன்னு போட்டிருந்துது. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர்ல ஓட்டறேன். கொஞ்சம் ஏத்தினாலே விட்டு விட்டு வருது.

இதை நான் கேட்காத மாதமே இல்லை. 12-ஐ 2-ஆல் பெருக்கினால் 24 வாட். உள்ளே போவதே 24 என்றால் வெளியே 100 எங்கிருந்து வரும்? அடாப்டர் அதிகக் கரண்ட் கேட்டதும் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, ஒரு நொடியில் மறுபடி உயிர் பெறுகிறது, பாரத்தைப் பார்த்ததும் மறுபடி அணைகிறது. போர்டில் இருக்கும் எல்இடி பேஸுக்கு ஏற்ப மங்கி மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் சந்தேகமே வேண்டாம்.

வோல்ட்டும் முக்கியம். இந்த வகை போர்டில் 12 வோல்ட் கொடுத்தால், 8 ஓமில் சிதறாமல் கிடைப்பது ஒரு பக்கத்துக்கு 9 வாட்தான், 4 ஓமில் 18. 4 ஓமில் 50 வாட் வர வேண்டுமென்றால் 20 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். டிபிஏ3116 சிப் போட்ட போர்டுகளுக்கு 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் பொருந்தும். ஆனால் அந்த சிப்பின் எல்லை 26 வோல்ட். பழைய 30 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடக்கிறதே என்று சொருகிவிடாதீர்கள். போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களில் (சார்ஜைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் அடாப்டரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் நிற்பதும் இதே கதைதான். பழைய பேட்டரி பேஸ் அடியில் வோல்ட் இறங்கிவிடும். சார்ஜரில் போட்டபடி ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள்.

அரை மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம்தான் நிக்குது. தொட்டா சுடுது.

சூடுதான். ஆம்பின் மேல்மூடியில் உள்ள துளைகளை எதுவும் அடைக்கக் கூடாது. மேலே இன்னொரு பெட்டி, துணி விரிப்பு, மூடிய அலமாரி எல்லாமே தவறு. மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். பழைய ஆம்ப் என்றால் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கின் இறகுகளுக்குள் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, துளை வழியாகக் காற்றடித்து எடுக்கலாம். விசிறி வைத்த ஆம்ப் என்றால் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள், காதை வைத்துக் கேட்டாலே தெரியும்.

ஒரு எளிய சோதனை: மேஜை விசிறியை ஆம்பை நோக்கித் திருப்பி வைத்து அதே வால்யூமில் ஓட்டுங்கள். முப்பது நிமிடத்தில் நின்றது ஒரு மணி நேரம் தாண்டியும் ஓடினால் வேறெங்கும் தேட வேண்டாம். காற்றோட்டம் சரியாக இருந்தும் சுடுகிறது என்றால் மேலே சொன்ன ஓம் கணக்கைப் பாருங்கள். குறைந்த ஓம் உடனே நிறுத்தாமல் மெல்ல மெல்லச் சூடேற்றியும் நிறுத்தும்.

ஸ்பீக்கர் முழுசா நிக்கல. 'ஸ்ஸ்'ங்கிற மேல் சத்தம் மட்டும் போயிடுது, கொஞ்ச நேரத்துல தானா வந்துடுது.

இது ஆம்ப் செய்வதல்ல, ஸ்பீக்கர் பெட்டிக்குள் நடப்பது. பல ஸ்பீக்கர்களில் மேல் சத்தத்தைப் பாடும் சின்ன ட்வீட்டருக்கு முன்னால் சின்னத் தட்டு போல ஒரு பாதுகாப்புப் பொருள் இருக்கும், பாலிஸ்விட்ச் என்பார்கள். அதிகக் கரண்ட் போனால் சூடாகித் தடையை ஏற்றிக்கொள்ளும், ஆறினால் பழைய நிலைக்கு வரும். ட்வீட்டர் தப்பித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் எல்லை மீறிக்கொண்டிருக்கிறீர்கள்.

மேல் சத்தம் போய் திரும்பவே வரவில்லை என்றால் ட்வீட்டர் எரிந்திருக்கலாம். ஸ்பீக்கரின் பின் டெர்மினலில் மீட்டர் வைத்தால் இது தெரியாது. நடுவில் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டருக்கு வூஃபர் மட்டுமே தெரியும். ட்வீட்டரைக் கழற்றித் தனியாக அளக்க வேண்டும்.

ஸ்பீக்கர் 100 வாட், ஆம்ப் 50 வாட்தான். அப்போ ஸ்பீக்கருக்கு ஆபத்தே இல்லைதானே?

இல்லை என்று சொல்ல மாட்டேன். 50 வாட் ஆம்பை அதன் உச்சத்துக்கு மேல் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, சதுரம் போல ஆகிவிடும். முழுக்கச் சதுரமானால் அதே ஆம்ப் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 100 வாட் வரை தள்ளும். வெட்டுப்பட்ட அலையில் மேல் அதிர்வெண்கள் கூடிவிடுவதால் அந்தச் சுமை ட்வீட்டரின் தலையில் விழுகிறது. ட்வீட்டர் உண்மையில் தாங்குவது சில வாட்கள்தான், அட்டையில் போட்டிருக்கும் 100 அதற்கு அல்ல.

பாடகர் குரல் கரகரக்க ஆரம்பித்தால், சிம்பல் சத்தம் மணலைக் கொட்டுவதுபோல ஆனால், அதுதான் எல்லை. அங்கிருந்து கொஞ்சம் கீழே இறக்கி நிறுத்துங்கள். இன்னும் சத்தம் வேண்டும் என்றால் பெரிய ஆம்ப் வாங்குவதற்கு முன் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை, அதாவது கொடுத்த வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை, பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தால், அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும்.

எனக்கு எல்லாமே தலைகீழ். கம்மியா வெச்சா ஒரு பக்கம் நிக்குது, கூட்டினா 'பட்'னு வந்துடுது!

இது முற்றிலும் வேறு வியாதி. பெரும்பாலும் ரிலேயின் காண்டாக்ட் முனைகளிலோ ஸ்விட்ச், குமிழிலோ கறுப்பு படிந்திருக்கும். சின்ன சிக்னல் அந்தப் படிவைத் தாண்டாது, பெரிய சிக்னல் துளைத்துக்கொண்டு போகும். ஏ, பி ஸ்விட்சை ஒரு இருபது முறை அழுத்தி அழுத்தி எடுத்துப் பாருங்கள், வால்யூம் குமிழையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுங்கள். சரியானால் அழுக்கு அங்கேதான், காண்டாக்ட் கிளீனர் போதும். சரியாகவில்லை என்றால் ரிலேயைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

நிக்கவும் இல்லை, உடையவும் இல்லை. ஏத்தினா சத்தம் அமுங்கிப் போகுது, அவ்வளவுதான்.

பாட்டு பலமாக வரும்போதெல்லாம் அமுங்கி, மெதுவான இடத்தில் எழுந்தால், டிவியிலோ ரிசீவரிலோ 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்' என்று ஏதோ ஒன்று ஆன் ஆகியிருக்கிறது. அணைத்துவிடுங்கள். நேரம் ஆக ஆக மெல்ல அமுங்கினால் காயில் சூடாகிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும், 100 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட 40 சதவீதம். ஆம்ப் தள்ளுவது அதேதான், ஸ்பீக்கர் வாங்குவது குறைந்துவிடுகிறது.

ரெண்டு ஸ்பீக்கருக்கும் மைனஸை ஒண்ணாச் சேர்த்து ஒரே வயர்ல கொண்டு போயிருக்கேன். மிச்சம்தானே?

பழைய பாணி ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு மைனஸும் உள்ளே கிரவுண்டில் சேர்ந்தே இருக்கும், அதனால் ஓடும். இன்றைய சின்ன போர்டுகளில் பெரும்பாலும் பிளஸ், மைனஸ் இரண்டிலும் சிக்னல் வருகிறது, எதுவுமே கிரவுண்ட் இல்லை. அவற்றின் மைனஸ்களைச் சேர்த்தால் இரண்டு சேனலும் ஒன்றோடொன்று மோதும். வால்யூம் ஏறியதும் சிப் நின்றுவிடும், சில நேரம் சிப்பே போய்விடும். நான்கு டெர்மினலுக்கு நான்கு வயர், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகுது. கொஞ்சம் பெரிசாப் போட்டா நிக்காம ஓடுமே?

ஓடும், எதாவது எரியும் வரை. ஃப்யூஸில் எழுதியிருக்கும் அதே ஆம்பியர், அதே வகையைத்தான் போட வேண்டும். அதுவும் மறுபடி போனால் மூன்றாவதைத் தேட வேண்டாம். புரொடெக்ஷன் ரிலேயை 'ஷார்ட் செய்துவிடலாம்' என்று சொல்பவர் பேச்சையும் கேட்காதீர்கள். டிசி வந்துவிட்டால் வூஃபர் கோன் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், காயில் சில நொடிகளில் கருகும்.

எந்தக் கட்டத்துல நானே நோண்டறதை நிறுத்தணும்?

எல்லா ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு வெறும் ஆம்பை ஆன் செய்யுங்கள். அப்போதும் புரொடெக்ஷனில் போனால் கோளாறு ஆம்புக்குள்ளேதான், மூடியைத் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். கருகிய வாசனை, புகை, ஆன் செய்ததும் வூஃபர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது, இதில் எது வந்தாலும் இரண்டாம் முறை ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

கொண்டுபோகும்போது ஆம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் வயரையும், முடிந்தால் ஒரு ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொடுத்து, எத்தனை நிமிடத்தில், எந்த வால்யூமில், எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.